மாப்பிள்ளைக்கு வேர்க்கலை

அந்த இஞ்சின் பெட்டி மேல காலை வைக்காதீங்க தம்பி, சுட்டுரும். இப்படி ஓரமா வச்சுக்கிடுங்க. எனக்கு ஒண்ணும் செய்யாது. முப்பத்தோரு வருசம் சூட்டுக்குள்ளயே உட்கார்ந்து பழகின உடம்பு இது. இல்லை இல்லை, செங்கல் சூளை இல்லை. கார்தான். கல்யாணக் கார்.

இந்த பஸ் தூத்துக்குடி போய்ச் சேர இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஆகும். நீங்க தூங்குறதா இருந்தா தூங்குங்க, நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு வர்றேன். மனசுக்குள்ளயே வச்சு வச்சு புழுங்குது. எங்க ஊர்ல ஒரு ஆள்கிட்ட இதைச் சொல்ல முடியாது. சொன்னா நம்ப மாட்டாங்க. நம்ப மாட்டாங்கன்னு நானா சொல்லலை. சொல்லிப் பார்த்தாச்சு, நம்பலை. அந்தக் கதைதான் இது.

என் பேர் குருவையா. எங்க பக்கத்துல வெறும் குருவையான்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. எட்டு நாப்பத்தொண்ணு குருவையான்னு கேட்கணும். அது காரோட நம்பர். காருக்கு இங்கிலீஷ்ல ஒரு பேர் உண்டு, மூக்கு மேல வெள்ளி எழுத்தா பதிச்சிருந்தது, அதுல பாதி விழுந்துபோச்சு. முழுசா இருந்தப்பவும் எனக்குப் படிக்கத் தெரியாது. நம்பர் தெரியும். அது போதுமே.

வெள்ளைக்காரன் தேசத்துல இருந்து கப்பல்ல வந்த கார். பஞ்சு மில் முதலாளி ஒருத்தர் வச்சிருந்தார், நான் அவருக்கு டிரைவர். அவர் போன பிறகு அவர் வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு, "குருவையா, இதைப் பார்த்தா எனக்கு அவர் ஞாபகம் வருது. நீயே கொண்டுபோய் வச்சுப் பிழைச்சுக்கோ"ன்னு சாவியைக் கையில கொடுத்துருச்சு. அன்னையில இருந்து எங்க ஊர்ல எந்தக் கல்யாணம்னாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு எட்டு நாப்பத்தொண்ணுதான். வேற கார்ல வந்தா மாப்பிள்ளை மாதிரியே இருக்காது, வட்டி கேட்க வந்த ஆள் மாதிரி இருக்கும்னு சனங்களே சொல்லுவாங்க.

சரி, அந்தக் காருக்குள்ள ஒரு சமாச்சாரம் உண்டு. ஹீட்டர். சிரிக்காதீங்க. வெள்ளைக்காரன் ஊர்ல குளிர் பாருங்க, அதனால காருக்குள்ள கணப்பு வேணும்னு ஒரு ஏற்பாடு. இஞ்சின்ல கொதிக்கிற தண்ணியை ரப்பர் குழாய் வழியா உள்ளே கொண்டுவந்து, முன்சீட்டுக்காரன் காலுக்கு மேல ஒரு சின்னப் பெட்டிக்குள்ள சுத்த விட்டு, பின்னால ஒரு சின்ன பேன் வச்சு ஊதுறது. அந்தத் தண்ணியை விடவும் நிறுத்தவும் ஒரு வால்வு. நம்ம வீட்டுக் குழாய் மாதிரிதான். வால்வுல இருந்து ஒரு கம்பி வந்து ஸ்டியரிங் பக்கத்துல ஒரு குமிழ்ல முடியும். குமிழை இழுத்தா திறக்கும், தள்ளினா மூடும். அவ்வளவுதான்.

எங்க ஊர் வெயிலுக்கு அது என்னத்துக்குன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி.

பிள்ளையார் கோயில்ல இருந்து மண்டபத்துக்கு மூணு பர்லாங்குதான். நடந்தா பத்து நிமிசம். மாப்பிள்ளை அழைப்புன்னா ஒண்ணரை மணி நேரம். முதல்ல வெடி போகணும். வெடி முடிஞ்சாத்தான் பேண்டு நகரும். பேண்டு நகர்ந்தாத்தான் மேளம். மேளத்துக்குப் பின்னால எட்டு நாப்பத்தொண்ணு. எறும்பு நம்மளைத் தாண்டிப் போகும் தம்பி. இஞ்சினுக்கு எங்கேயிருந்து காத்து கிடைக்கும்? பாதி வழியில கொதிச்சு ஆவி விட ஆரம்பிச்சுரும். முதலாளி கொடைக்கானல் மலை ஏறும்போது ஒரு வித்தை சொல்லுவார்: "இஞ்சின் சூடாச்சுன்னா அந்தக் குமிழை இழு குருவையா. அங்க இருக்கிற சூடு இங்க வந்துரும். நாம கொஞ்சம் வேகணும், வண்டி பிழைச்சுக்கும்."

அதைத்தான் நான் செய்தேன். என் முதல் கல்யாண சவாரி அது, வைகாசி மாசம். மாப்பிள்ளை ஒரு தீப்பெட்டி ஆபீஸ் போர்மேன். கோட்டு சூட்டு, கழுத்துல ரெண்டு சுத்து ரோசாப்பூ மாலை. வெடிப் பொறி உள்ளே விழுந்துரக் கூடாதேன்னு நாலு கண்ணாடியையும் ஏத்தியிருக்கு. நான் குமிழை இழுத்தேன். இஞ்சின் கொதிக்கவே இல்லை. மண்டபத்து வாசல்ல கதவைத் திறந்தேன் பாருங்க, அந்தப் பையன் கிணத்துல இருந்து ஏறி வந்தவன் மாதிரி இறங்குறான். மாலையில இருந்த பூவெல்லாம் அவிஞ்ச கீரை மாதிரி தொங்குது.

பொண்ணுக்குத் தாய்மாமன் நல்ல மனுசன். "ஏன் மாப்ளே, பயந்துட்டீங்களா"ன்னு கேட்டுக்கிட்டே தன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சு விட்டார். பக்கத்துல ஒரு பெரியவர் வெத்திலையை மென்னுக்கிட்டு நின்னார். "நல்ல வழக்கம்பா. ஜமீன் காலத்துல இப்படித்தான் கார்ல வந்து இறங்குற மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் முகந்துடைப்பாரு"ன்னார். ஜமீன் காலத்துல எங்க ஊர்ல கார் ஏதுன்னு ஒருத்தரும் கேட்கலை. நானும் கேட்கலை. நான் எதுக்குக் கேட்கணும்?

அடுத்த கல்யாணத்துல தாய்மாமன் புதுத்துண்டோட தயாரா நிக்கிறார். அதுக்கடுத்த கல்யாணத்துல துண்டுக்கு மஞ்சக்கரை வந்துருச்சு. நாலஞ்சு வருசத்துல எங்க ஊர் ஜவுளிக் கடையில முகந்துடைப்புத் துண்டுன்னு தனியா ஒரு அலமாரி. அப்புறம் வேர்வையைப் பார்த்துப் பலன் சொல்ல ஆரம்பிச்சாங்க. நெத்தி மட்டும் வேர்த்திருந்தா இப்படி, கழுத்து வரைக்கும்னா இப்படி, முதுகு நனைஞ்சிருந்தா அந்தப் பொண்ணு கொடுத்து வச்சவ. பொண்ணு வீட்டு மேல பயமும் மரியாதையும் இருக்கிற மாப்பிள்ளைக்குத்தான் அப்படி வேர்க்குமாம். ஊரே சொல்லும்போது நாம என்னத்தைச் சொல்ல? சில சமயம் எனக்கே தோணும், ஹீட்டர் ஒரு பக்கம் இருக்கட்டும், மனசுல உள்ளதும் சேர்ந்துதானே வெளிய வரும்னு.

ஒண்ணு சொல்றேன் தம்பி, நான் யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணினது கிடையாது. எல்லா மாப்பிள்ளைக்கும் ஒரே சூடுதான். ஒருத்தன் மட்டும் ஏறும்போதே, "இந்த டப்பாதான் கிடைச்சுதா"ன்னு கதவை ஓங்கிச் சாத்தினான். அவனுக்கு மட்டும் பேனை ரெண்டாவது வேகத்துல வச்சேன். இறங்கும்போது பையன் அழுதுக்கிட்டு இறங்கினான். பொண்ணு வீட்டுல எல்லாருக்கும் கண் கலங்கிருச்சு. இன்னைக்கு வரைக்கும் அவன் பொண்டாட்டி பேச்சைத் தட்டுறது இல்லை.

எனக்கா? எனக்கும்தான் வேர்க்கும். தலையில ஈரத்துண்டைப் போட்டுக்கிட்டு ஓட்டுவேன். டிரைவர் வேர்வையை யார் பார்க்கப் போறா? அதுக்குப் பலன் ஒண்ணும் கிடையாது.

இப்ப என் வீட்டு விசயத்துக்கு வர்றேன். எனக்கு ஒரே மக, செண்பகம். கல்யாணமாகிப் பன்னெண்டு வருசம் கழிச்சுப் பிறந்தவ. ஸ்கூல்ல டீச்சரா இருக்கா. அவளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சது தூத்துக்குடியில. பாலகுருன்னு பேர். மீன் ஏத்துமதி பண்ற கம்பெனியில ஐஸ் ரூம் சூப்பர்வைசர். சித்திரை மாசத்துலயும் பஞ்சு வச்ச கோட்டு போட்டுக்கிட்டு வேலை பார்க்கிற பிள்ளை. பொண்ணு பார்க்க வந்தப்ப காப்பியைக் கையில வாங்கி, ஊதி ஊதி, ஆறினப்புறம் ஒரு மடக்குக் குடிச்சான். எனக்கு அப்பவே பிடிச்சுப்போச்சு. சூடு தாங்காத ஆளுக்குக் கோபமும் தாங்காது, சண்டை சச்சரவு வராதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கு. வேற ஒரு வீட்டு மாப்பிள்ளை அழைப்பு. பாதி வழியில வால்வு போயிருச்சு. மாப்பிள்ளைத் தோழன் முன்சீட்டுல உட்கார்ந்திருக்கான், அவன் காலுக்கு மேலதான் வால்வு. கொதிக்கிற தண்ணி அவன் பாதத்துல சொட்டுது. கத்திக்கிட்டே கதவைத் திறந்து குதிச்சான். ஒத்தைக் காலைத் தூக்கிக்கிட்டு நடுரோட்டுல ஆடுறான். பேண்டுகாரன் என்ன நினைச்சானோ, டக்குனு குத்துப் பாட்டை எடுத்துட்டான். சனம் விசில் அடிக்குது. பத்துப் பேர் சேர்ந்து ஆட ஆரம்பிச்சுட்டாங்க. அன்னைக்கு என் மானம் தப்பினது அந்தப் பேண்டால.

வீட்டுக்கு வந்து பார்த்தா வால்வு பாதி திறந்தபடி துருப்பிடிச்சு நிக்குது. மூடவும் மாட்டேங்குது, திறக்கவும் மாட்டேங்குது, ஒழுகவும் செய்யுது. இப்படியே விட்டா என் மக கல்யாணத்துல ஒண்ணு வண்டி கொதிக்கும், இல்லை மாப்பிள்ளைத் தோழன் காலு வேகும். வேற கார் வைக்கலாமேங்கிறீங்களா? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எட்டு நாப்பத்தொண்ணு, என் பிள்ளைக்கு வாடகைக் காரா? என் பொண்டாட்டி சீனியம்மா அதைச் சம்மதிச்சாலும் அவ அண்ணன் சம்மதிக்க மாட்டார். உத்தண்டு மச்சான். என் மகளுக்குத் தாய்மாமன். முகந்துடைப்பு சாஸ்திரத்துல எங்க ஊர்லயே அவரை மிஞ்சின ஆள் கிடையாது. எந்த வீட்டு மாப்பிள்ளை இறங்கினாலும் பக்கத்துல போய் நின்னு, காதுக்குப் பின்னால வேர்த்திருக்கான்னு பார்ப்பார்.

வால்வைக் கழட்டி எடுத்துக்கிட்டு மதுரைக்குப் போனேன். பழைய கார் சாமான் விக்கிற கடை. கடைக்காரர் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"கார் ஹீட்டர் வால்வுங்க."

"எந்த ஊர் உமக்கு?"

ஊரைச் சொன்னேன். மனுசன் வால்வைக் கீழே வச்சுட்டார். "அங்க காருக்குள்ள ஹீட்டர் கெட்டுப்போச்சு. அதைச் சரி பண்ணணும்கிறீர்."

"ஆமாங்க. அவசரம். வைகாசியில வேணும்."

உள்ளே இருந்தவரைக் கூப்பிட்டு, "அண்ணே, இவரை ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க"ன்னார். அப்புறம் பாவம்னு நினைச்சாரோ என்னவோ, கீழவாசல் பக்கம் வெந்நீர் போடுற மெஷின் விக்கிற கடைக்குப் போகச் சொன்னார். அங்க போனா வீட்டுல எத்தனை பாத்ரூம்னு கேட்கிறாங்க.

கடைசியில குன்னூர்ல கிடைச்சது. தேயிலைத் தோட்டத்துக் கொட்டகையில இதே மாதிரிக் கார் ஒண்ணு, சக்கரமில்லாம, பின்சீட்டுல கோழி அடைகாத்துக்கிட்டு இருக்குதுன்னு லாரி டிரைவர் ஒருத்தர் சொல்லித் தெரிஞ்சது. போனேன். தோட்டத்து மேஸ்திரிகிட்ட விசயத்தைச் சொன்னேன். ஹீட்டர்னதும் அவர் சிரிக்கலை தம்பி. "ஐயோ, ஹீட்டர் இல்லாம எப்படிங்க ஓட்டுறீங்க"ன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு அவரைக் கும்பிடலாம் போல இருந்தது. கோழியைக் கிளப்பாம ரெண்டு பேரும் மெதுவா வால்வைக் கழட்டினோம். நல்ல பித்தளை. திறந்து மூடினா வெண்ணெய் மாதிரி போகுது. கம்பளிக் குல்லா ஒண்ணுல சுத்திக் கொடுத்தார்.

மாட்டினது காசிம் பாய். எங்க ஊர்ல ரேடியேட்டர் வேலைக்கு அவர்தான். வால்வு மாட்ட அரை மணி நேரம்தான் ஆச்சு. பழைய ரப்பர் குழாயை அறுத்து எறிஞ்சு புதுசு போட்டு, கிளிப் முடுக்கி, கம்பியைக் கோத்து, குமிழை இழுத்துப் பார்த்தார். அப்புறம் தண்ணி ஊத்த ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். விரலை உள்ளே விட்டார். வெளிய எடுத்தா விரல் மஞ்சளா இருக்கு.

"என்ன அண்ணே இது?"

"மஞ்சள்தூள்."

"ரேடியேட்டருக்குள்ளயா?"

"ஒழுகினா மஞ்சள்தூள் போட்டா அடைச்சுக்கும் பாய். எல்லா டிரைவரும் செய்றதுதான்."

"அது அவசரத்துக்கு ஒரு கரண்டி போடுறது அண்ணே. நீங்க எப்ப எப்பப் போட்டீங்க?"

"ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால. நல்ல காரியம் பாருங்க."

பாய் விரலைத் துடைச்சார். ரேடியேட்டரைக் கழட்டிக் குப்புறப் போட்டு ரெண்டு நாள் கழுவினார். கட்டி கட்டியா வந்தது. அவர் பட்டறை முன்னால சாக்கடையே மங்களகரமா ஓடுச்சு. எல்லாத்தையும் மாட்டி, உச்சி வெயில்ல ஒரு மணி நேரம் வண்டியை நின்ன இடத்துல ஓட விட்டார். ஹீட்டர் மூடியிருக்கு. சூடு காட்டுற முள் பாதியைத் தாண்டலை.

"இனிமே கொதிக்காது அண்ணே. இத்தனை வருசமும் கொதிச்சது அடைப்புலதான். இந்த வால்வுக்கு வேலையே கிடையாது, சும்மா அழகுக்கு இருக்கட்டும்"னார் பாய்.

அவர் சொன்னதை நான் முழுசா ஒத்துக்கிடலை. மஞ்சள் போட்டதாலதான் முப்பத்தோரு வருசம் ஒழுகாம இருந்தது. அதை அவர் யோசிக்கலை. வெள்ளைக்காரன் ரேடியேட்டர், அதுக்கு மஞ்சள் ஒத்துக்கிடலைன்னா அது மஞ்சள் மேல தப்பா? போகட்டும். ஆனா மனசுல ஒரு நிம்மதி வந்தது. என் மாப்பிள்ளையை வேக வைக்க வேண்டியது இல்லை. ஊரார் வீட்டுப் பிள்ளைகள்னா பரவாயில்லை, வெயில்ல திரிஞ்ச உடம்பு. இது ஐஸ் ரூம்ல நிக்கிற பிள்ளை. நான் வேக வச்சுக் கொடுத்தா என் மக என்னை என்ன நினைப்பா?

கல்யாணம் காலையில பத்தரைக்கு முகூர்த்தம். எட்டு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. நான்தான் ஓட்டினேன். பொண்ணு வீட்டுக்காரனே ஓட்டலாமான்னு கேட்டாங்க. எட்டு நாப்பத்தொண்ணை எவன் கையில கொடுக்கிறது? வெடி வேண்டாம்னு சொல்லி நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். விடியக்காலம் ஒரு தூறல் வேற போட்டிருந்தது. குமிழைத் தொடவே இல்லை. பாலகுரு பின்சீட்டுல சொந்த வீட்டுல உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து வர்றான். "நல்ல வண்டி மாமா. ஜிலுஜிலுன்னு இருக்கு"ங்கிறான். முப்பத்தோரு வருசத்துல அந்த சீட்டுல இருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

மண்டபத்து வாசல். கதவைத் திறந்தேன். உத்தண்டு மச்சான் மஞ்சக்கரைத் துண்டோட நிக்கிறார். மாப்பிள்ளை இறங்கினான், பொரிச்ச அப்பளம் மாதிரி. மச்சான் துண்டை நெத்தியில ஒத்தி எடுத்தார். துண்டைப் பார்த்தார். கொஞ்சம் பவுடர் ஒட்டியிருக்கு. கழுத்துல ஒத்தினார். ஒண்ணுமில்லை. காதுக்குப் பின்னால குனிஞ்சு பார்த்தார். நிமிர்ந்தார்.

"மாப்பிள்ளைக்கு வேர்க்கலை"ன்னார்.

மேளம் நின்னுபோச்சு தம்பி. ஆரத்தித் தட்டோட நின்ன பொம்பளைக ரெண்டடி பின்னால போயிட்டாங்க.

பாலகுருவோட அம்மா விவரமான பொம்பளை. "எம் பிள்ளை ஐஸ் ரூம்ல வேலை பார்க்கிறவன். அவனுக்கு எப்படிங்க வேர்க்கும்?"

"ஐஸ் ரூமா இருந்தா என்ன, அடுப்படியா இருந்தா என்ன? மனசுல பயம்னு ஒண்ணு இருந்தா வேர்த்துத்தானே ஆகணும்?"

"நாங்க என்னத்துக்குப் பயப்படணும்? எங்க ஊர்ல மாப்பிள்ளை ஜம்முனுதான் வந்து இறங்குவான்."

"உங்க ஊர் கதை வேற. இங்க இந்தக் கார்ல இறங்கி வேர்க்காம நின்ன மாப்பிள்ளை இதுவரைக்கும் ஒருத்தன் கிடையாது. லேசா வேர்த்தவன் ஒருத்தன் இருந்தான், தபால்காரர் மருமகன். ஆறு மாசத்துல பம்பாய்க்கு ஓடிட்டான். தாய்மாமன் நான் இருக்கும்போது என் தங்கச்சி மகளை அப்படி ஒரு இடத்துல தள்ள முடியாது. இந்த வாசலைத் தாண்டி நான் மாலை எடுத்துக் கொடுக்க மாட்டேன்."

தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்கலைன்னா எங்க பக்கத்துல கல்யாணம் இல்லை. என் பொண்டாட்டி அழ ஆரம்பிச்சுட்டா. மாப்பிள்ளை வீட்டுல நாலு பேர் வேன் சாவியைத் தேடுறாங்க. மணி ஒன்பதேமுக்கால்.

பாலகுரு தங்கமான பிள்ளை. "வேர்க்கணும், அவ்வளவுதானே"ன்னு கேட்டுட்டு, கோட்டோட, மாலையோட, பிள்ளையார் கோயில் வரைக்கும் ஓடிப்போயிட்டுத் திரும்பி ஓடி வந்தான். முகமெல்லாம் தண்ணியா வடியுது. மச்சான் தொட்டுக்கூடப் பார்க்கலை.

"ஓடி வர்ற வேர்வை வேற, கார்ல உட்கார்ந்து வர்ற வேர்வை வேற. இது உழைப்பு வேர்வை. இதுல குணம் தெரியாது."

அப்பத்தான் நான் சொல்லிட்டேன். சொல்லாம முடியலை. மக கல்யாணம் நிக்குதே. "மச்சான், வேர்வையும் இல்லை குணமும் இல்லை. அது காரோட ஹீட்டர். இஞ்சின் கொதிக்காம இருக்க நான்தான் முப்பத்தோரு வருசமா திறந்து விட்டுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு மூடி வச்சிருக்கேன். அவ்வளவுதான்"னு எல்லார் முன்னாலயும் சொன்னேன்.

 சிரிக்கிறாங்க. அத்தனை பேரும். அந்தக் கூட்டத்துல இருபது பேராவது நான் வேக வச்ச மாப்பிள்ளைகள் தம்பி. அவங்கதான் சத்தமா சிரிக்கிறாங்க. "சித்தப்பா, நம்ம ஊர்ல எவனாவது காருக்கு ஹீட்டர் போடுவானா? மகளுக்காகப் பொய் சொல்றீங்க, சொல்லுங்க, அதுக்கு ஒரு பொருத்தம் வேணாமா?"ங்கிறான் ஒருத்தன். நான் அழ வச்சேன்னு சொன்னேன் பாருங்க, அவன்தான்.

"ஏறுங்க மச்சான். காட்டுறேன்"னேன்.

ஏறினார். நாலு கண்ணாடியையும் ஏத்தினேன். குன்னூர் வால்வு, குமிழை இழுத்ததும் கடைசி வரைக்கும் போச்சு. பேன் ரெண்டாவது வேகம். ரெண்டு நிமிசம். "என்ன மச்சான்?" "ஒண்ணும் தெரியலை." அஞ்சு நிமிசம். "இப்ப?" "லேசா கதகதப்பா இருக்கு. சுத்தி அத்தனை பேர் எட்டி எட்டிப் பார்க்கிறாங்கல்ல, அந்த மூச்சுக்காத்து." எட்டாவது நிமிசம். சட்டை முதுகோட ஒட்டிப்போச்சு, மீசையில இருந்து சொட்டுது. பத்தாவது நிமிசம் கதவைத் திறந்துக்கிட்டு இறங்கினார்.

எட்டு நாப்பத்தொண்ணுல இருந்து நனைஞ்சுபோய் ஒரு ஆம்பளை இறங்கினா என்ன செய்யணும்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். கை பழகிப்போச்சு. மேளக்காரர் எடுத்து வாசிச்சுட்டார். பேண்டு சேர்ந்துக்கிட்டது. ஆரத்திக்காரப் பொம்பளைக ஓடி வந்து மச்சானுக்கு மூணு சுத்து சுத்தி நெத்தியில பொட்டு வச்சுட்டாங்க. அறுபத்தெட்டு வயசு மனுசன், மஞ்சக்கரைத் துண்டால தன் முகத்தைத் தானே துடைச்சுக்கிட்டு நிக்கிறார்.

"இப்ப நம்புறீங்களா மச்சான்?"

"எதை?"

"ஹீட்டரை."

"ஹீட்டராவது ஒண்ணாவது. என் தங்கச்சி மக கல்யாணம் நின்னுபோயிருமோன்னு எனக்குப் பயம் இருக்காதா? அதான் வேர்த்திருக்கு. பாருங்கய்யா, வயசானவன் எனக்கே வேர்க்குது. அந்தப் பையனுக்கு ஏன் வேர்க்கலை?"

கூட்டமெல்லாம் ஆமா ஆமாங்குது. எனக்கு என்ன செய்றதுன்னு தெரியலை. பானெட்டைத் திறந்து வால்வைக் காட்டலாம்னா, காட்டினா அதைப் பூட்டுன்னு சொல்லுவாங்க, சாவின்னு சொல்லுவாங்க.

அப்ப செண்பகம் வந்தா. பொண்ணு அறையில இருந்து, முழு அலங்காரத்தோட, பட்டுச்சேலையைக் கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வாசலுக்கே வந்துட்டா. முகூர்த்தத்துக்கு முன்னால பொண்ணு வாசலுக்கு வரக் கூடாது. வந்துட்டா. நேரா பாலகுருகிட்டப் போய், "ஏறுங்க"ன்னா. அவன் ஏறினான். பின்னாலயே இவளும் ஏறிட்டா.

"ஏய், பொண்ணு ஏறக் கூடாதும்மா"ன்னு மச்சான் பதறுறார்.

"ஏன் மாமா? எனக்குப் பயம் இருக்கா இல்லையான்னு தெரிய வேணாமா? ரெண்டையும் ஒண்ணா பார்த்துக்கிடுங்க." என் பக்கம் திரும்பி, "அப்பா, கண்ணாடியை ஏத்துங்க"ன்னா.

மச்சான் துண்டோட ஒதுங்கி நின்னார். சாஸ்திரத்துல அதுக்குப் பதில் இல்லை போல.

அப்புறம் நடந்தது ஊரே பார்த்தது. ஒரு சுத்து போய்த் திரும்பி வந்து இறங்கினப்ப ரெண்டு பேரும் தெப்பமா நனைஞ்சிருந்தாங்க. மச்சான் ஒரே துண்டால ரெண்டு பேர் முகத்தையும் துடைச்சார். "இது வேர்வை"ன்னு கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். மாலை எடுத்துக் கொடுத்தார். தாலி ஏறிச்சு. அதுக்கப்புறம் எங்க ஊர்ல மூணு கல்யாணம் ஆகியிருக்கு. மூணுலயும் பொண்ணும் சேர்ந்து ஏறித்தான் ஆகணும்னுட்டாங்க. ஜமீன் காலத்துல ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் முகந்துடைப்பாங்களாம், நடுவுல விட்டுப்போச்சாம். மச்சான்தான் சொல்றார். நான் குமிழை இழுத்துக்கிட்டு இருக்கேன். இஞ்சினுக்குத் தேவையில்லை, ஊருக்குத் தேவையா இருக்கே.

ஆனா ஊர் பார்க்காதது ஒண்ணு இருக்கு தம்பி. அந்த ரெண்டாவது சுத்துல நான் மட்டும் பார்த்தது.

பிள்ளையார் கோயில் வரைக்கும் போய்த் திரும்பினா போதும்னுதான் கிளம்பினேன். கோயிலைத் தொடுறதுக்குள்ள ரெண்டு பேருக்கும் வடிய ஆரம்பிச்சுருச்சு. பின்னால வண்டி ஏதும் வருதான்னு பார்க்கத்தான் முன்னால தொங்குற கண்ணாடியைப் பார்த்தேன். பாலகுரு தன் கைக்குட்டை நுனியால அவ நெத்தியை ஒத்தி எடுக்கிறான். பொட்டு கலைஞ்சுராம, பொட்டைச் சுத்தி, ஐஸ் மேல இருந்து மீனை எடுக்கிற மாதிரி அவ்வளவு பதனமா. அவ கல்யாணப் பத்திரிகையை மடிச்சு வச்சுக்கிட்டு அவனுக்கு விசிறுறா. "எங்கப்பா உங்களுக்காகத்தான் மூடி வச்சிருந்தாரு"ங்கிறா. "தெரியும். இப்ப எனக்காகத் திறந்து வச்சிருக்காரு"ங்கிறான் அவன். ரெண்டும் சிரிக்குது. சத்தம் வெளிய வராம, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது.

நான் கண்ணாடியை மேல பார்த்துத் திருப்பி விட்டேன்.

கோயில்கிட்டத் திரும்பலை. நேரா போயிட்டேன். பஸ் ஸ்டாண்டு, தீப்பெட்டி ஆபீஸ் எல்லாம் தாண்டி ரயில்வே கேட் வரைக்கும் போய், அங்க ஒரு வட்டம் அடிச்சு, மெதுவா, சைக்கிள் வேகத்துல வந்தேன். முகூர்த்தத்துக்கு நாலு நிமிசம் இருக்கும்போதுதான் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தோம். எங்கய்யா போய்த் தொலைஞ்சீங்கன்னு சீனியம்மா இன்னைக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டு இருக்கா.

என்னத்தைச் சொல்ல? முள் பாதியைத் தாண்டவே இல்லை தம்பி. இஞ்சின் அப்படி ஓடுது. அப்படி ஓடுற வண்டியை யாராவது சீக்கிரம் கொண்டுவந்து நிறுத்துவாங்களா?